கத்தியும் உறையும்: ஓரிக்கையிலிருந்து பார்க்கும் ஒரு தொழில் வரலாறு



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், நகரம் முடிந்து பாலாறு வருவதற்கு முன் ஓரிக்கை இருக்கிறது. இந்தப் பெயருக்கு வைணவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். அவனுடைய குரு திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். ஆழ்வார் சொன்னதும் பெருமாளே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவு இருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று. இதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இதே மரபு சொல்லும் இன்னொரு செய்தியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. குழந்தையாகக் கைவிடப்பட்ட அந்த ஆழ்வாரைப் பிரம்புத் தூற்றிலிருந்து எடுத்து வளர்த்தவன் பிரம்பு அறுக்கும் திருவாளன். காட்டுக்குள் கத்தியோடு போய்ப் பிழைத்த ஒருவன்.

கதையை வரலாறு என்று நாம் சொல்லவில்லை. கத்தியோடு காட்டுக்குப் போனவன் ஓரத்தில் நிற்க, பெயரும் மண்டபமும் வேறு யாருக்கோ போய்ச்சேர்வது இந்த ஊருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல என்பதால் இங்கிருந்து தொடங்குகிறோம்.

இன்றைய தலைப்பை ஏன் எடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். இப்போது நகரங்களில் ஒரு புதிய ஆர்வம் பரவியிருக்கிறது. காட்டில் தனியாகப் போய்த் தங்குவது, தீ மூட்டுவது, கையால் அடித்த கத்தி, கையால் தைத்த தோல் உறை, தோல் பை, இடுப்பு வார். இதற்கு 'புஷ்கிராஃப்ட்' என்று பெயர். ஒரு கத்தியும் உறையும் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. செய்தவர் தன் பெயரை உறையில் முத்திரையாகக் குத்துகிறார். நல்ல வேலைதான், குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உறையைக் கையில் வாங்கிப் பார்த்த நம் மூத்த தோழர் ஒருவர் தையலை விரலால் தடவிவிட்டு, இது எங்க தாத்தா தையல் என்றார். அந்த ஒரு பேச்சுதான் இந்த உரை.

அவர் சொன்னதில் மிகை இல்லை. உறைக்கு ஏற்ற தோல் மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்று இன்றைய கையேடுகள் வலியுறுத்துகின்றன. அதை நனைத்துக் கத்தியைச் சுற்றி அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது. அதில் தங்கும் உப்பு இரும்பை அரிக்கும் என்றும் சொல்கிறார்கள். இரண்டு தோலுக்கும் நடுவே விளிம்பில் இன்னொரு வார் வைத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியின் கூர் நூலை அறுத்துவிடும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். அப்போது ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் விடாது. கவலைத் தோலையும் செருப்பையும் மாட்டு வாரையும் தைத்த எவருக்கும் இதெல்லாம் புதிதல்ல.

இதற்கு எவ்வளவு பழைய வரலாறு உண்டு என்பதை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. பின்னர் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். இத்தகைய கல் கருவிகளின் முக்கியமான வேலைகளில் ஒன்று விலங்கின் உடலை அறுப்பது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த, 5,000 ஆண்டுக்கு முற்பட்ட மனிதனின் உடலை நினைத்துப் பாருங்கள். தோல் உடை, தோல் காலணி, ஒரு சிறிய கல் கத்தி, அதற்கு மர நாரில் பின்னிய ஓர் உறை. உலகின் எந்த மூலையிலும் மனிதர் உயிர் பிழைக்க முதலில் கற்றது கத்தியும் தோலும்தான். அதைக் கற்றவர்களைத் தீண்டக்கூடாதவர்கள் ஆக்கியது எல்லா மூலையிலும் நடக்கவில்லை.

நம் இலக்கியத்தில் இந்த வேலை எப்போது இழிவாகப் பதிவாகிறது? புறநானூற்றின் 82ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் சாத்தந்தையார், பாடப்பட்டவன் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. அவன் போரிடும் வேகத்துக்குப் புலவர் ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா நெருங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒருவன் கையில் அந்த வாரோடு ஊசி எவ்வளவு வேகமாகப் போகும், அப்படி இருந்ததாம் மன்னனின் போர். தொழில் தெரிந்தவர்தான் இப்படி எழுத முடியும். குறைந்தபட்சம் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஆனால் அந்தத் தொழிலாளியை அவர் குறிக்கும் சொல் 'இழிசினன்'. மன்னனுக்கு உவமையாகும் அளவுக்குக் கை உயர்ந்தது, ஆள் மட்டும் இழிந்தவன். இந்தப் பாட்டை வகுப்பில் படிக்கும்போது உவமையைப் பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம்.

சோழர் காலத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி ஆகிய பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கம்மாணச்சேரி என்பது கம்மாளர் குடியிருப்பு. அதாவது கத்தி அடிக்கிற கொல்லர் சேரியும் மற்ற சேரிகளும் ஊரின் நடுவிலிருந்து தள்ளி, ஒரே பட்டியலில் நிற்கின்றன. பிறகு ஏதோ நடக்கிறது. கரூர்க் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் உள்ள ஆணை, கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறது: நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம்.

இந்தக் கடைசி உரிமையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கத்தி செய்தவனுக்குச் செருப்பு அணிய அரசாணை கிடைத்தது. செருப்பு செய்தவனுக்கு அப்படி ஓர் ஆணை கிடைக்கவில்லை. அவன் 20ஆம் நூற்றாண்டிலும் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கத்தியும் உறையும் பிரிந்த இடம் இது என்று நாம் கருதுகிறோம். ஒரு கருவியின் இரு பாதி. ஒன்றில்லாமல் இன்னொன்று பயன்படாது. ஆனால் இரும்பு தூய்மையானது என்றும் தோல் தீட்டு என்றும் ஆக்கினார்கள். கம்மாளர் பூணூல் அணிந்து விசுவகர்மாவின் வழி வந்தோம் என்று சொல்லும் நிலைக்குப் போனார்கள். அவர்களுக்கும் மேலே உள்ளவர்களோடு நீண்ட சண்டை இருந்தது, அதை நாம் மறுக்கவில்லை. தோல் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சண்டையைத் தொடங்கக்கூட இடம் இல்லை. இன்றைய கைவினைஞர் ஒருவர் காலையில் இரும்பை அடித்து மாலையில் தோலைத் தைக்கிறார். நூற்றாண்டுக் கணக்கில் சாதி பிரித்து வைத்த இரண்டு வேலையை ஒரே மேசையில் செய்கிறார். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் இந்தச் சாலையில் யாரும் போக முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறை, ஜனநாயகத்தின் ஊற்று என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. குடத்தில் ஓலை போடப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பதிதரோடு சேர்ந்து தீட்டுப்பட்டவர் பிராயச்சித்தம் செய்யாமல் வர முடியாது. அந்தச் சபையின் வயலுக்கு நீர் இறைத்த கவலையைத் தைத்தவர் பெயர் எந்தக் குடத்தில் விழுந்திருக்கும்?

கவலையைப் பற்றி இளைஞர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வந்தபின் பிறந்தவர்கள் அதிகம். கிணற்று மேட்டில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். வடத்தின் மறுமுனையில் சால் மேலே வரும். சாலின் அடியில் தும்பி என்கிற நீளமான தோல் குழாய். வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் குழாய் தானாக நீண்டு தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். முழுவதும் தோலால் ஆன கவலையும் உண்டு. நாள் முழுக்க நீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடக்கும் தோல் சீக்கிரம் அழுகும், வெடிக்கும். தோல் கிழிந்தால் பயிர் போச்சு. ஆகவே ஊரின் உயிர் அந்தத் தையலில் இருந்தது. அதற்குக் கூலி, களத்தில் கடைசியாக அளந்து கொடுக்கும் தானியம்.

இந்தத் தோல்தான் அரசாங்கத்தையும் யோசிக்க வைத்தது. 1903 வாக்கில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். குரோம் தோல் நீரைத் தாங்கும் என்பதால் அவர் முதலில் கண்டுகொண்ட பயன்களில் ஒன்று கவலைதான். செருப்பும் பூட்ஸும் கூடவே வந்தன. அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்தியச் செயலர் மார்லி அதற்கு முட்டுக்கட்டை போட்டார். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டிக் குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். அந்த இடம் குரோம்பேட்டை ஆனது. முதல் கல் கருவி கிடைத்த பல்லாவரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம். தினமும் அந்த வழியாக மின்சார ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் தோல் இருப்பது தெரியும்?

குரோமுக்கு முன்பே சென்னை மாகாணத் தோல் உலகம் சுற்றியது. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல் பெரியமேட்டுச் சந்தை வழியாக லண்டனுக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாக இதைப் பெருமளவில் வாங்கினார்கள். சேற்றுக் குழிகளில் மாதக்கணக்கில் கிடந்த வீரர்களின் காலைக் காத்தது நம் ஊர்க் காட்டு ஆவாரை. ஏற்றுமதி செய்தவர்களின் பெயர் கணக்கேட்டில் இருக்கிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களின் பெயர் இல்லை.

குழியில் நடந்தது என்ன? உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் நாள்கணக்கில் போட்டு, எடுத்து வளைந்த கட்டையின் மேல் விரிக்க வேண்டும். இருபுறமும் பிடி உள்ள இரண்டு வளைந்த கத்திகள். ஒன்று மழுங்கல், மயிரைத் தள்ள. ஒன்று கூர், உட்புறச் சதையைச் சீவ. கூர் ஒரு நூல் ஆழம் கூடினால் தோல் ஓட்டை, கூலியில் பிடித்தம். பிறகு பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில், சாறு மாற்றி மாற்றி. பட்டையின் வீரியத்தை நாக்கிலும் மூக்கிலும் கண்டவர்கள் அவர்கள். சுண்ணாம்பில் நின்ற காலும் கையும் வெந்து புண்ணாயின. திண்டுக்கல் தோல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் போராடிய காலத்தை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் அதற்கு சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை எதுவும் அந்தக் குழியின் நாற்றத்தை அப்படிச் சொல்லவில்லை.

இங்கே ஒரு கேள்வியை ஒளிக்காமல் வைக்க வேண்டும். இந்தத் தொழிலைப் பெருமை என்று கொண்டாடலாமா? அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டைத் தூக்காதீர்கள், அதன் இறைச்சியை உண்ணாதீர்கள் என்றார். தோலும் கொம்பும் விற்று ஆண்டுக்கு 500 ரூபாய் வருமே என்று சிலர் கணக்குக் காட்டினார்கள். அந்த வருமானத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே 500 ரூபாய் நானே தருகிறேன் என்று அவர் பதில் கூறியதை 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரி உரையில் நினைவுகூர்ந்தார். இன்னொரு பக்கம் காஞ்ச அய்லய்யா போன்றவர்கள் தோல் பதனிட்டவர்களை இந்நாட்டின் முதல் அறிவியலாளர்களாகக் காண்கிறார்கள். நம் அமைப்பின் கூட்டங்களில் இந்த இரண்டு நிலைக்கும் ஆட்கள் உண்டு. சண்டையும் உண்டு.

நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். வேலையை விட்டது விடுதலை. அதைத் திரும்ப எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வேலையை விட்டபோது அறிவையும் சேர்த்து விட்டுவிட்டோம். விட்ட அறிவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் கையில் 'கைவினை' ஆயிற்று. காந்தி தென்னாப்பிரிக்காவில் செருப்பு தைக்கக் கற்று ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். 1939இல் ஸ்மட்ஸ் அதை மரியாதையோடு திருப்பி அனுப்பினார். வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் செருப்பு தைத்தால் தவம். 2025 ஜூனில் மிலன் நகரில் பிராடா நிறுவனத்தின் காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பு போன்ற ஒன்று மேடை ஏறியது. முதலில் கோலாப்பூர் பெயரே இல்லை. எதிர்ப்பு வந்தபின் இந்தியச் செருப்பிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டார்கள். கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. கோபப்பட்டவர்களில் பலர் 'இந்தியப் பண்பாடு' என்றார்கள், சாம்பார் என்ற சாதிப் பெயரைச் சொன்னவர்கள் குறைவு.

அறிவு விடுதலையோடு சேர்ந்தே வர முடியும் என்பதற்கு நம் மாவட்டத்துப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தார்கள். அந்தத் தோல் வெளிநாட்டில் கைப்பையும் இடுப்பு வாரும் ஆனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரே வெட்டில் அறுத்தன. தோல் வாங்கியவர்களுக்கு வேறு வியாபாரம் கிடைத்தது, பிடித்தவர்களுக்குப் பட்டினி. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் அவர்கள் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விடுகிறார்கள்; அந்த நஞ்சு விஷமுறிவு மருந்தாகிறது. கடப்பாரை, ஒரு துணிப் பை, தரையில் தடம் படிக்கும் கண், இவ்வளவுதான் கருவி. 2017இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. காட்டில் பிழைப்பது என்று இன்று வகுப்பு நடத்துகிறவர்கள் யாரிடம் கற்க வேண்டுமோ அவர்கள் இவர்கள். பல இருளர் குடும்பங்களுக்கு இன்னும் வீட்டு மனைப் பட்டா இல்லை என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும்.

மனை என்றதும் 1891 நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், அவர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்ற நிலையைக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் பஞ்சமி நிலம். காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். தோல் வேலைக்கும் நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிலம் இருந்திருந்தால் செத்த மாட்டைத் தூக்குவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். பதிலுக்கு அங்குள்ள தலித்துகள் மாட்டுப் பிணங்களை அரசு அலுவலகத்தின் முன் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் அடுத்து எழுப்பிய கோரிக்கை ஆளுக்கு 5 ஏக்கர் நிலம்.

பாலாற்றுக்குத் திரும்புவோம். ஓரிக்கைப் பாலத்தில் நின்றால் கீழே மணல், கருவேலம், எப்போதாவது தண்ணீர். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்குள்ள தோல் ஆலைகளின் கழிவு இந்த ஆற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அதில்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சாதி மாறியிருக்கலாம், மாநிலம் மாறியிருக்கலாம். குழி மாறவில்லை.

1948இல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இன்று உலகப் புகழ் பெற்றது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்த அரங்கத்திலும் இருக்கிறார்கள். 2009இல் அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னதும் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கின்றன. அவர்களிடம் நாம் கேட்பது ஒன்று. உங்கள் பாட்டன் பாட்டிகள் இருக்கும்போதே போய் உட்காருங்கள். எந்தப் பட்டை, எந்த மாதத்தில் உரித்தது, எத்தனை நாள் ஊறல், எந்தக் கத்திக்கு என்ன பெயர் என்று எழுதி வாங்குங்கள். வெட்கப்பட்டு முதலில் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் முறை போங்கள்.

நாங்கள் அப்படிப் போன வீடு ஒன்றில், உறையைத் தடவிப் பார்த்த அதே மூத்த தோழர் பரணிலிருந்து ஒரு சாக்குப் பையை இறக்கினார். குத்தூசி இரண்டு, தேய்ந்து பாதியான ஒரு தோல் வெட்டும் கத்தி, புளியமரக் கட்டை ஒன்று. கட்டையின் நடுவில் அறுத்து அறுத்துப் பள்ளம். பேத்தி தோல் தொழில்நுட்பம் படிக்கிறாள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். கத்திக்கு உறை எங்கே என்று கேட்டோம். அவர் சிரித்தார். ஊருக்கெல்லாம் தைத்தோம், இதற்குத் தைக்க நேரம் வரவில்லை என்றார். பேத்தி அந்தக் கத்தியைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.